ஓரம் நடு பார்க்காத கண்ணாடி

எங்கள் வளவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அன்னூரிலிருந்து சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் வருகிற வளவு. தப்பட்டைக்கு ஆள் சொல்லியாச்சு. குழி வெட்ட ஆள் போயாச்சு. பிளெக்ஸ் அடிக்கப் படம் இல்லை. எழுபது வருசம் காட்டிலும் தோட்டத்திலும் கிடந்து உழைத்த மனுசனுக்கு ஒரு போட்டோ இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினோம். நகத்தளவு முகம். பெரிதாக்கினால் கரிபிடித்த சட்டி மாதிரி வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி, "கொஞ்சம் வெளுப்பா எடுத்துடறனுங்ணா" என்று எதையோ தட்டினான். வெளுத்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, ஆள் இல்லை. ராத்திரி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அந்த பிளெக்சைப் பார்த்த அவர் மகள் சொன்னாள்: "இது எங்கப்பனில்லீங்."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. கூட்டம் போடுகிறோம், மனுக் கொடுக்கிறோம், பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். செத்தவன் முகத்தைக்கூட வைத்திருக்காத சனம் எதை வைத்துக்கொண்டு வரலாறு எழுதப்போகிறது? இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த அந்தக் கண்ணாடியை எடுத்துவந்தார்.

அப்பா கோவை டவுன்ஹால் பக்கம் ஓர் அச்சகத்தில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். போனது கூட்டிப் பெருக்க. கேமரா செக்ஷனில் உதவிக்கு இருந்தவர் மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆசிட்டிலும் ஹைப்போவிலும் கைவைக்க வேறு யாரும் வரவில்லை. "நீ போடா" என்று அப்பாவை இருட்டறைக்குள் தள்ளிவிட்டார்கள். நம்மாளுக்குக் கதவு திறப்பது எப்போதும் இப்படித்தான். அங்கே தண்ணீர்ப் பானையில் அப்பா மொண்டு குடிக்கக் கூடாது. ஆனால் அவர் கழுவிக் காயப்போட்ட பிலிமிலிருந்து அச்சாகிவந்த சாமி காலண்டரை எல்லோரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "செவப்பு வெளிச்சத்துல யாரு கை எதுன்னு தெரியாது கண்ணு" என்பார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

பிராசஸ் கேமரா என்பது தோளில் மாட்டுகிற சாமான் அல்ல. ஓர் அறையே கேமரா. சுவரின் அந்தப் பக்கம் பலகையில் படத்தையோ எழுத்தையோ மாட்டி விளக்குப் போடுவார்கள். இந்தப் பக்கம் இருட்டறை, அங்கே பிலிம். நடுவில் லென்ஸ். கலர்ப் படம் என்றால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துத் தனித்தனிப் பிலிம் எடுக்க வேண்டும். மூன்று நிறமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழ வேண்டும். மயிரிழை தப்பினாலும் அச்சில் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அதற்கென்றே செய்த லென்சுகள் இவை. பெயருக்கு முன்னால் 'அப்போ' என்று போட்டிருக்கும்: அப்போ-நிக்கோர், அப்போ-ரோனார், கோயர்ஸ் கம்பெனியின் அப்போ-ஆர்ட்டார். அப்பாவிடம் இருப்பது அப்போ-நிக்கோர், 360 மில்லிமீட்டர், எஃப் 9.

பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேராகவே பிலிமும், அப்புறம் நேராகவே பிளேட்டும் வர ஆரம்பித்தது. அந்த அச்சகமும் கேமராவை எடைக்குப் போட்டது. கூலி பாக்கிக்குப் பதிலாக அப்பா லென்சைக் கேட்டார். பித்தளை விலை போட்டுக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கேமரா வைத்திருக்கிறவர்கள் இந்த மாதிரி லென்சுகளைத் தேடி வாங்கி, ஷட்டரில் மாட்டி மலையையும் மரத்தையும் எடுக்கிறார்கள். நமக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் அப்பாவின் கை மட்டும்தான்.

முதலில் நான் வேறு வழி பார்த்தேன். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் மலிவாக ஒரு என்லார்ஜர் லென்ஸ் வாங்கிவந்தேன். 50 மில்லிமீட்டர். அது 35 மில்லிமீட்டர் பிலிமைப் பெரிதாக்கச் செய்தது. எட்டுக்குப் பத்து அங்குலத் தாளுக்கு முன்னால் வைத்தால் நடுவில் ஒரு வட்டம் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. அப்பா பார்த்துவிட்டு, "நாலுக்கஞ்சுன்னா நூத்தம்பது மில்லி என்லார்ஜர் லென்ஸ் போதும். எட்டுக்குப் பத்துக்கு இதுதான்" என்று தன்னுடையதைத் தட்டிக் காட்டினார்.

பிராசஸ் லென்ஸ் உள்ளதை உள்ள அளவில் எடுக்கச் செய்தது. அதற்குத் தாள் 72 சென்டிமீட்டர் பின்னால், பொருள் 72 சென்டிமீட்டர் முன்னால். தூரத்து மலையை எடுக்கத் தாளை 36 சென்டிமீட்டருக்கு இழுக்க வேண்டும். அப்போது வெளிச்ச வட்டமும் பாதியாகச் சுருங்கும். எங்களுக்கு மலை வேண்டாம், முகம் வேண்டும். முகத்தை மூன்றில் ஒரு பங்காக எடுத்தால் தாள் 48 சென்டிமீட்டரில், ஆள் 1 மீட்டர் 44 சென்டிமீட்டரில். எட்டுக்குப் பத்தில் நெஞ்சு வரைக்கும் தாராளமாக விழும்.

பிளைவுட்டில் பெட்டி செய்தோம். கண்ணாடித் தகட்டை எமரித்தூள் போட்டுத் தேய்த்து மங்கலாக்கி, பிம்பம் பார்க்கப் பின்னால் வைத்தோம். லென்சின் உடம்பில் ஒரு வெட்டு இருக்கும், துளைத்தகடு செருக. அதன் வழியாக வெளிச்சம் கசியும் என்று கறுப்பு டேப்பை ஒட்டினார் அப்பா. மீதி இருந்தது நடுவில் மடிந்து விரிகிற துருத்தி. அப்பா ஆட்டுத்தோல் வாங்கிவரச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோலைத் தொடாதே, செத்த மாட்டைத் தூக்காதே என்று வளவு வளவாகப் போய்ப் பேசுகிறவன் நான். என் தாத்தா, கவலை இறைக்கிற சாலுக்குத் தோல்வால் தைத்துக் கொடுத்தே தேய்ந்தவர். மோட்டார் வந்ததும் அந்தத் தொழில் போனது. 'மாதாரி' என்று கூப்பிடுவது மட்டும் போகவில்லை. "ரெக்சின் வாங்கிக்கலாம்" என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பண்ணாடி கெணத்துக்குத் தெச்சது வேற. நமக்குத் தெச்சுக்கறது வேற." எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாகப் பதில் இல்லை. தாத்தாவின் குத்தூசி எடுத்துத் தைத்தார். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை.

இந்த லென்சில் ஷட்டர் கிடையாது. தகர டப்பா மூடிக்குள் கறுப்புத் துணி ஒட்டி லென்சை மூடினோம். கழற்றினால் வெளிச்சம், மூடினால் இருட்டு. பிலிமுக்குப் பதில் இருட்டறைக் காகிதம். ஊட்டியில் 1960ல் தொடங்கி 1967லிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக்கிடக்கிறது. இப்போது கிடைப்பது வெளிநாட்டுத் தாள். ஒவ்வொன்றும் கூலியைத் தின்னும் கணக்கு.

முதலில் உட்கார்ந்தது அவ்வா. நாற்காலி போட்டோம். கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். விடவில்லை. தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு குச்சியை நட்டோம். வாசல் நிழலில், எஃப் 22ல், ஒன்று இரண்டு என்று நான்கு வரை எண்ணி மூடினோம். மருந்தில் போட்டுக் கழுவி, அந்தத் தாளை இன்னொரு தாள்மேல் கவிழ்த்து வெளிச்சம் காட்டி அச்செடுத்தோம். வெள்ளைச் சேலை அழகாக விழுந்திருந்தது. சேலைக்கு மேலே கறுப்பு. வாக்காளர் அட்டை மாதிரியேதான்.

நான் சோர்ந்துவிட்டேன். அப்பா சோரவில்லை. "கண்ணாடி மேல தப்பில்ல கண்ணு. காயிதத்துக்குச் செவப்பு தெரியாது. அதனாலதான செவப்பு பல்பு போட்டுக்கிட்டு வேலை செய்யறோம்." யோசித்துப் பார்த்தால் உண்மை. இந்தக் காகிதம் நீலத்தைப் பார்க்கும், கொஞ்சம் பச்சையைப் பார்க்கும். சிவப்பும் பழுப்பும் அதற்கு இருட்டு. நம் தோலில் இருக்கிற பழுப்பெல்லாம் அதன் கண்ணில் விழுவதே இல்லை. கலர் வந்த பிறகும் கதை இதுதான். கோடக் கம்பெனி 1950களிலிருந்து கலர் சரியா என்று பார்க்க ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய அளவுப்படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. ஆக, குறை கறுப்பில் இல்லை. யாரை நடுவில் வைத்து அளவு போட்டார்கள் என்பதில் இருக்கிறது.

மருந்து என்ன? பவுடர் அல்ல, நெகட்டிவ்மேல் பென்சில் தேய்த்து வெளுப்பாக்குவதும் அல்ல. நேரம். சேலைக்கு எண்ணாமல் முகத்துக்கு எண்ண வேண்டும். இரண்டாம் முறை எட்டு வரை எண்ணினோம். அவ்வா கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சேலை வெளிறிப்போனது, போகட்டும். முகம் வந்தது. பச்சை குத்தின புள்ளிகூட வந்தது.

இந்தப் பெரிய பெட்டிக் கேமரா நம் சனத்துக்குப் புதிது அல்ல. 1868லிருந்து 1875 வரை வெள்ளைக்காரன் 'இந்தியாவின் மக்கள்' என்று எட்டுத் தொகுதி போட்டான். 1909ல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். மூக்கை அளந்தார்கள், நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர் இருக்கும். அதே காலத்தில் அமெரிக்காவில், அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் தானே போய் உட்கார்ந்து நூற்றறுபது படம் வரை எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அத்தனை படம் எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்கிறார்கள். கேமரா ஒன்றுதான். எடுக்கப்படுவதும் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

தாத்தாவுக்கும் ஒரு படம் இருந்ததாம். பண்ணாடி வீட்டில் புது மாட்டு ஜோடியோடு குடும்பமாக நின்று எடுத்த படம். ஓரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தாத்தா. சட்டம் போடும்போது ஓரத்தை வெட்டிவிட்டார்கள். கயிறு பிடித்த கை மட்டும் இருக்கிறது. சாதாரண லென்சிலும் ஓரம் கொஞ்சம் மங்கும். ஆனால் அச்சு வேலையில் பக்கத்தின் மூலையில் இருக்கிற எழுத்தும் நடுவில் இருக்கிற எழுத்து மாதிரியே கூராக விழுந்தாக வேண்டும். ஓரம் நடு என்று பேதம் பார்த்தால் அது பிராசஸ் லென்ஸ் இல்லை. இதை அப்பா சொன்னபோது தொழில் விசயமாகத்தான் சொன்னார். நான்தான் தாத்தாவின் கையை நினைத்துக்கொண்டேன்.

அவ்வா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இத்தனை கறுப்பாடா நானு?" என்றாள். எனக்கு திக்கென்றது. கறுப்பு அழகு என்று மேடையில் பேசுவது சுலபம். எண்பது வருசம் கறுப்பி என்று ஏச்சு வாங்கினவளிடம் எதைச் சொல்வது? கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்: "எங்காத்தாளாட்டமே இருக்குது." அவள் ஆத்தாளுக்குப் படம் கிடையாது. நாங்கள் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரையோடு அந்தப் படத்தைப் போடலாமா என்று கேட்டேன். "புத்தகத்துல வேண்டாம். நாஞ் செத்தா பந்தல்ல வைங்க. கீழ எம்பேரை எழுது" என்றாள். அதனால் இங்கே படமும் இல்லை, பெயரும் இல்லை. இரண்டும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

இதுவரை பதினோரு பேரை எடுத்திருக்கிறோம். தாள் இன்னும் ஒன்பது இருக்கிறது. போன வாரம் அந்தப் பெரியவரின் மகள் வந்தாள். அப்பனைத்தான் விட்டாச்சு, ஆத்தாளையாவது எடுத்துக் கொடுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம்.