தேசப்படத்தில் ஒரு சூறாவளி

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றினால் வடபகுதிக் கரையோர மக்களுக்கு நித்திரை குறையும். 2020 டிசெம்பரில் புரெவிச் சூறாவளி நெருங்கியபோது, வடமராட்சியில் எங்கள் வீட்டு மேசையில் தேசப்படத்தை விரித்தேன். திருகோணமலையிலிருந்து சூறாவளி மையத்தின் தூரத்தையும் திசையையும் வானொலியில் கேட்டுப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தேன். கோடு திருகோணமலைக்கு வடக்கே உள்ள கரையை நோக்கி வந்தது.

அதைப் பார்த்த அயல்வீட்டு மீனவர், “கோடு எங்கட ஊருக்கு மேலால வரேல்லைத்தானே ரீச்சர்? வள்ளத்தை இழுத்து ஏத்த வேணுமோ?” என்று கேட்டார். வள்ளம்தான் அவருடைய முழு முதல்.

“அண்ணை, இந்தக் கோடு மையத்தின்ர பாதை மட்டுந்தான். காற்றும் மழையும் அதைச் சுற்றி நெடுந்தூரத்துக்கு இருக்கும். நிஷா வந்ததை மறந்திட்டீங்களோ?” என்றேன்.

2008 நவம்பரில் நிஷாச் சூறாவளியின் மையம் தமிழ்நாட்டில் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயினும் அதற்கு முன்னரே பெருமழையால் யாழ்ப்பாணக் குடாநாடு வெள்ளக்காடாகியது. மாணவியாக இருந்த நான், எங்கள் அடுப்படிக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றதைக் கண்டவள். அவருக்கும் அது நினைவுக்கு வந்தது. பொழுதுபடுமுன் நால்வர் சேர்ந்து வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப் பனையோடு கட்டினார்கள்.

டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் வாடையாக வீசிய காற்று மெல்லக் கொண்டலாகத் திரும்பியது. வட அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே, மையம் எமக்குத் தெற்கே மேற்கு நோக்கிச் செல்லும்போது வடக்கிலிருந்து வீசும் காற்று கிழக்குக்கு மாறும். மறுநாள் புரெவி மன்னார் வளைகுடாவை அடைந்து, நகராமல் நின்று வலுவிழந்தது. ஆனால் மழை விடவில்லை. குடாநாட்டில் வெள்ளம் பெருகியது. வீடுகள் பல சேதமடைந்தன. எங்கள் கரையில் விடப்பட்டிருந்த வலைகள் கடலோடு போயின. பனையடியில் கட்டிய வள்ளம் தப்பியது.

மாணவர்களே, தேசப்படத்தில் இடங்குறிப்பதைப் பரீட்சைப் புள்ளிக்காக மாத்திரம் பழகாதீர்கள். சூறாவளியை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் அதன் பாதையை அறிந்தவருக்கு ஆயத்தமாகச் சில மணித்தியாலங்கள் கிடைக்கும். வெள்ளம் வருமுன் அணை கட்டுவதற்கு அந்த நேரமே உதவும்.