விமானத்தின் ஏடுகள்

புட்பக விமானத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிவந்த செய்தி ஒன்றுண்டு. எத்தனை பேர் ஏறி அமர்ந்தாலும் அதில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்குமாம். கம்பனிலும் இராமன் அயோத்திக்குத் திரும்பும்போது வானரப் படை அதில் ஏறிக்கொள்கிறது; எடையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வேறு வகை. சச்சந்தன் அதை முன்கூட்டியே செய்வித்து, கருவுற்றிருந்த விசயையை அதனை இயக்கப் பழக்குகிறான். கட்டியங்காரனின் படை அரண்மனையை வளைத்த நாளில் அவள் அதில் ஏறிச் செல்கிறாள். அவன் தரையில் நின்று போரிட்டு மடிகிறான். நாமகள் இலம்பகத்தை நடத்தும்போதெல்லாம், ஏறிச் சென்றவளைவிடத் தரையில் நின்றுவிட்டவனையே என் மனம் சுற்றிவரும்.

இருக்கைக் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதை 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அருகிருந்து பார்த்தேன். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒஹையோ மாநிலத்தில் வசிக்கும் அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தேன். அத்தான் மென்பொருள் பொறியாளர். விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். எட்டு ஆண்டுகளாக அவரிடம் இருந்தது இரண்டே இருக்கைகள் கொண்ட செஸ்னா 152. அக்கா ஏறினால் மகள் தரையில். மகள் ஏறினால் அக்கா தரையில். அந்த ஆண்டு மகள் கல்லூரிக்கு வெளியூர் செல்லவிருந்தாள். அதற்குள் நான்கு இருக்கை விமானம் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று அத்தான் முடிவு செய்திருந்தார்.

சொந்த விமானம் என்றதும் நம் மனத்தில் எழும் செல்வச் செழிப்பு இங்கே பொருந்தாது. புதிய செஸ்னா 172 ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல். மாதச் சம்பளக்காரர் அதை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் ஐம்பது ஆண்டு பழைய 172 அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் இன்று பறக்கும் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் பெரும்பகுதி 1960, 70களில் பிறந்தவை. அதற்குக் காரணம் உண்டு. 1978இல் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் 17,000க்கும் மேற்பட்ட பொதுப் பயன்பாட்டு விமானங்களை அனுப்பின. 1994இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்தையும் எட்டவில்லை. பொருளாதாரச் சரிவும், விபத்து வழக்குகளால் உயர்ந்த காப்பீட்டுச் செலவும் சேர்ந்து தொழிலை நசுக்கின. 1986இல் செஸ்னா தன் பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் உற்பத்தியையே நிறுத்திற்று. பதினெட்டு ஆண்டு கடந்த சிறு விமானத்துக்காக அதைச் செய்தவர்மீது பெரும்பாலும் வழக்குத் தொடுக்க முடியாது என்ற சட்டம் 1994இல் வந்த பிறகே, 1996இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இடையில் விழுந்த அந்தப் பள்ளத்தின் காரணமாகத்தான், தன் வயதையொத்த விமானத்தைத் தேடி அத்தான் அலைய நேர்ந்தது.

விற்பனை விளம்பரங்களுக்கென்றே 1937 முதல் டிரேட்-ஏ-பிளேன் என்ற இதழ் மஞ்சள் தாளில் அச்சாகி வந்தது. இப்போது தேடல் பெரும்பாலும் இணையத்தில்தான். விளம்பரங்களின் மொழி, இலக்கணம் குழூஉக்குறி என்று வகைப்படுத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமான உடல் மொத்தம் பறந்த மணி, எஞ்சினை முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தபின் ஓடிய மணி, சேத வரலாறு இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் சில எழுத்துகளில் அடங்கிவிடும். இரண்டு வாரத்தில் எனக்கும் அந்த எழுத்துகள் பழகிவிட்டன.

ஒரு நாள் மாலை பீச்கிராஃப்ட் பொனான்ஸா ஒன்றின் படம் திரையில் வந்தது. 1947 முதல் 1982 வரை ஆங்கில ‘வி’ எழுத்துப் போன்ற வாலுடன் வெளிவந்த வகை. சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொண்டு 172ஐவிட மிக வேகமாகப் பறக்கும். விலையும் எட்டாததன்று. அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விமானத்துக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. தமிழில் ‘பிளவுவால் மருத்துவர்கொல்லி’ என்று சொல்லலாம். வாங்கும் பணம் இருந்து, அதன் வேகத்துக்கேற்ற தேர்ச்சி இல்லாத மருத்துவர்கள் பலர் அதில் மாண்டதால் வந்த பெயர். “நீங்கள் மருத்துவர் இல்லை என்பது அதற்குத் தெரியுமா?” என்று அக்கா கேட்டாள். பொனான்ஸாவின் பேச்சு அத்துடன் முடிந்தது.

ஆக, 172. நாற்பத்து நான்காயிரத்துக்கும் மேல் உற்பத்தியான, உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமான வகை அது. இறக்கை மேலே, சக்கரம் நிலையாகக் கீழே, எளிய பிராணி. ஆனால் நான்கு இருக்கை என்பதால் நான்கு பேர் என்று பொருளாகாது. சாப்பாட்டு மேசையில் அத்தான் போட்ட கணக்கை நினைவிலிருந்து தருகிறேன். 1970களின் நடுப்பகுதியில் வந்த 172 தரையிலிருந்து எழுகையில் இருக்கத்தக்க உச்ச எடை 1043 கிலோ. வானொலி முதலான கருவிகளோடு வெற்று விமானம் ஏறத்தாழ 650 கிலோ. பெரிய எரிபொருள் தொட்டிகளை முழுதும் நிரப்பினால் 130 கிலோ. மிஞ்சுவது 263. அத்தான், அக்கா, மகள், அம்மா நால்வரும் சேர்ந்து 270. பெட்டி படுக்கை தனி. தன் எடையை இரண்டு கிலோ குறைத்துச் சொன்ன அக்காவை அத்தான் குளியலறைத் தராசில் ஏறி நிற்க வைத்தார். தொட்டியைப் பாதியாகக் குறைத்தால் நால்வரும் ஏறலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் பறக்க முடியும். தூரம் வேண்டுமென்றால் ஒருவர் இறங்கிக்கொள்ள வேண்டும். அம்மா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “இங்கே வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே வந்தீர்கள்” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.

நாங்கள் நேரில் சென்று பார்த்தவை மூன்று. அங்கேதான் என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றைக் கண்டேன். பழைய விமானத்தை வாங்குவோர் முதலில் பார்ப்பது விமானத்தை அன்று, அதன் பதிவேடுகளை. உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுச் சோதனை கட்டாயம். அதைச் செய்த மெக்கானிக் தேதி, மணிக்கணக்கு, கண்டது, மாற்றியது அனைத்தையும் எழுதி, ஒப்பமிட்டு, தன் உரிம எண்ணையும் குறிக்க வேண்டும். பிறப்பிலிருந்து எல்லா ஏடுகளும் இருந்தால் ஒரு விலை. ஒன்று தொலைந்திருந்தாலும் விலை பெரிதும் விழும். சுவடியின் இறுதியில் பெயரும் நாளும் எழுதி, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்ட ஏடெழுதுவோரின் நினைவு எனக்கு வந்தது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பிழை பொறுக்கப்படுவதில்லை.

முதல் விமானம் பளபளவென்று புதிய வண்ணத்தில் நின்றது. சேத வரலாறு இல்லை என்பது விளம்பரம். பதிவேடும் அதையே சொன்னது. அத்தான் முன்னரே ஒக்லஹோமா சிட்டியிலுள்ள மத்திய விமானப் பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் கோப்பை வரவழைத்திருந்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கே கோப்பு உண்டு. பெரிய பழுதைச் சரிசெய்தால் 337 என்னும் எண்ணுள்ள படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். கோப்பையும் ஏட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்தார். பாடபேதம் பார்ப்பது எனக்குப் புதிதன்று. கோப்பில், இடது இறக்கையின் தகடுகளை மாற்றியதாக ஒரு படிவம் இருந்தது. ஏட்டில் அந்த மாதத்துக்குரிய பக்கம் இல்லை. தையலோரம் மட்டும் மிஞ்சியிருந்தது. பழுது நன்றாகவே சரிசெய்யப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தைக் கிழித்த கை வேறு எதை மறைத்தது என்று யார் சொல்வது? விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது விமானத்தின் ஏடுகள் குறைவற்றவை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டில் 2,100 மணி மட்டுமே பறந்தது. எஞ்சின் புதுப்பித்தபின் 400 மணி. கேட்பதற்கு இனிமையான எண்கள். நான் தேதிகளையும் மணிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1989 முதல் 2001 வரை ஆண்டுதோறும் சோதனை நடந்திருக்கிறது. பறந்தது மொத்தம் பதினொரு மணி. கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. அத்தான் முகம் மாறியது. லைகாமிங் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேற்பகுதியில் அமைந்தது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும், காற்றின் ஈரம் தண்டில் துருவாகப் படியும். அதனால்தான் 2,000 மணிக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்லும் நிறுவனம், மணி நிறையாவிட்டாலும் பன்னிரண்டு ஆண்டில் புதுப்பிக்குமாறு அறிவுறுத்துகிறது. உழைத்துத் தேய்ந்த எஞ்சினைவிட உழையாமல் கிடந்த எஞ்சினுக்கே விமானிகள் அஞ்சுகிறார்கள். எண்ணெய் பூசிப் படித்து வந்த சுவடிகள் பல தலைமுறை தாங்கின. பரணில் பத்திரமாகக் கட்டிவைத்தவை கறையானுக்குப் போயின. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து கண்ட காட்சிகளில் இதுவும் ஒன்றல்லவா?

மூன்றாவது விமானம் வெயிலில் வெளுத்த நீலக் கோடுகளோடு, கென்டக்கியின் ஒரு சிற்றூர் ஓடுதளத்தில் நின்றது. 5,800 மணி பறந்தது. தொடக்கத்தில் பயிற்சிப் பள்ளியொன்றில் உழைத்தது. விற்பவர் எண்பதை நெருங்கியவர். கண் மருத்துவர் இனி ஓட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். ஏடுகளைப் பெட்டியோடு என் முன் வைத்தார். பத்து நாளைக்கு ஒருமுறையாவது பறந்திருக்கிறது. 50 மணிக்கொருமுறை எண்ணெய் மாற்றப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக ஒரே மெக்கானிக்கின் கையெழுத்து. நடுவே அது மெல்ல நடுங்கத் தொடங்குகிறது. பிறகு ஒரு பக்கத்தில் உரிம எண் மாறி, அதே குடும்பப் பெயரோடு வேறொரு கை எழுதுகிறது. மகனாக இருக்க வேண்டும். காற்றாடி கல்பட்டுச் சிதைந்ததும், கதவு சரியாக மூடாததும்கூட எழுதப்பட்டிருந்தன.

வாங்குமுன் யாரைக் கொண்டு சோதிக்கலாம் என்று அத்தான் கேட்டார். “என் மெக்கானிக்கை வைத்துச் செய்யாதீர்கள். அவன் எனக்கு நண்பன்” என்றார் முதியவர். பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் சிலிண்டர்களில் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். மூன்றில் 75க்கு மேல் நின்றது, ஒன்றில் 66. வெளியேற்று வால்வு கசிகிறது என்றார். அந்தச் சிலிண்டரைச் சீராக்கும் செலவை முதியவர் தாமாகவே விலையில் கழித்துக்கொண்டார். பிறகு எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: வாரந்தோறும் பறப்பீர்களா?

ஜூன் கடைசியில் பாதித் தொட்டியோடு நால்வரும் ஏறினர். நான் வேலியருகே நின்றேன். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை, எனக்கு அதில் குறையுமில்லை. அவர்களைச் சுமந்து மேலே சென்றது அலுமினியத் தகடு மட்டுமன்று. முன்பின் அறியாத சிலர், ஒருவரும் பார்க்காத கொட்டகைகளில், எண்ணெய்க் கையோடு உண்மையை எழுதிவைத்ததும்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிய பின் 152 விலைபோயிற்று. வாங்கியது, பயிற்றுநராக விரும்பும் ஓர் இளம்பெண். அவளும் தந்தையோடு வந்து ஏடுகளை வரிவரியாகப் படித்தாளாம். 2019இல் அத்தான் வன்மையாகத் தரையிறங்கியதில் முன்சக்கரத் தண்டு வளைந்து மாற்றப்பட்ட செய்தி அதில் இருந்தது. அந்த ஒரு வரியால் விலையில் ஆயிரத்து ஐந்நூறு டாலர் குறைந்தது. சின்னப் பழுதுதானே, அன்றைக்கு எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று தான் கேட்டதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

“அதற்கு அத்தான் என்ன சொன்னார்?” என்றேன்.

“அந்தப் பெண் அதில் தனியாகப் பறக்கப் போகிறாள் என்றார்.”