பொறியியலாளருக்கு ஒரு கல்வெட்டு

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அடிக்க வேண்டுமென்று பரிஸின் புறநகரான சார்செலில் என்னிடம் வருகிறவர்கள் கைப்பேசியில் ஒரு படத்தையும் தாளில் ஒரு பெயர்ப்பட்டியலையும் கொண்டுவருவார்கள். பஞ்சபுராணம், சிவபுராணம், நன்றி நவிலல் எல்லாம் கணினியில் தயாராகவே இருக்கின்றன. பெயரையும் திகதியையும் மாற்றினால் லாச்சப்பல் அச்சகத்துக்கு அன்றைக்கே அனுப்பிவிடலாம். வாழ்க்கை வரலாறு என்ற இரண்டு பக்கத்தை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் எங்களில் பலர் அப்படித்தான் செய்கிறோம்.

அண்மையில் வந்த குடும்பத்தின் தகப்பன், இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கூப்பிட்டு இங்கே வந்து, 1955இல் கட்டத் தொடங்கிய பழைய அடுக்குமாடிகளில் ஒன்றில் கடைசிவரை இருந்தார். “சிறந்த பொறியியலாளர், பாசமிகு தந்தை, பழகுவதற்கு இனியவர்” என்று மகள் எழுதிவந்திருந்தார். எந்தக் குளத்தில் வேலை செய்தார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்குத் தகப்பனின் வேலை என்பது குவாட்டர்ஸ், ஜீப், இடமாற்றம், அவ்வளவுதான்.

இப்படியான வேளையில் இறந்தவரின் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஆண்டு கேட்டால் அந்த அம்மாவுக்கும் வராது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உதவாது. பிரசவத்துக்கு எல்லாரும் தாய் வீட்டுக்குப் போனவர்கள்தானே. பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களை வரிசையாகக் கேட்பேன். தகப்பனின் இடமாற்றப் பட்டியல் தானாக வந்துவிடும். “மூத்தவளை முதலாம் வகுப்பில சேர்க்கேக்க அவர் வான் திருத்துற வேலையில நிண்டவர், தம்பி. நான்தான் கூட்டிக்கொண்டு போனது. மழைக்கு முதல் முடிக்க வேணுமெண்டு பத்து நாள் வீட்டுப் பக்கமே வரேல்ல” என்றார். மிகைநீர் வழியும் வான், நீர் திறந்துவிடும் துருசு, குளக்கட்டு என்று அந்த அம்மா சரளமாகச் சொன்ன சொற்களை மகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். “பாசமிகு தந்தை” என்ற தொடரை எடுத்துவிட்டு அந்தப் பத்து நாளை எழுதினேன். குடும்பமும் வேலையும் அவருக்கு ஒரே காலத்தில்தான் நடந்தன. அவற்றை ஏன் இரண்டு பந்தியாகப் பிரிக்க வேண்டும்?

பேரப்பிள்ளைகளைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அம்மப்பா பல்கனியில் போத்தல் வைத்து மழை அளந்ததைப் பேரன்தான் பிரெஞ்சில் சொன்னான். அளந்ததைக் குறித்துவைத்த கொப்பியும் அவனிடமே இருந்தது. அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கல்வெட்டில் போட்டோம்.

இந்த வேலைக்கு எனக்கு முன்மாதிரி என்று ஒருவரைச் சொல்வதானால், அவரும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்தான். 1905இல் பிறந்த எஸ். ஆறுமுகம், ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை 1954இல் முன்வைத்தவர். கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி நன்னீராக்குவது, அங்கிருந்து முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்குக் கொண்டுபோவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டி உப்புநீரை மறிப்பது என்பது திட்டம். அணைகள் வந்தன, வாய்க்கால் முழுமை பெறவில்லை. இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் ஒரு நூல் எழுதினார், பிறகு பழைய சைவக் கோயில்களைப் பற்றி எழுதினார். தொண்ணூறு வயதைத் தாண்டியபின் 1997இல் அவர் வெளியிட்டது இலங்கைத் தமிழர்களின் வாழ்க்கை வரலாற்று அகராதி. பிறந்த ஆண்டு, படித்த இடம், வகித்த பதவி, செய்த காரியம் என்று ஒவ்வொருவரையும் சில வரிகளில் முடிக்கிறது அந்தப் புத்தகம். புகழ்ச்சியை விடத் தகவலை நம்பிய எழுத்து அது.

தகவல் பிசகினால் என்ன நடக்கும் என்பதற்குத் திதி நல்ல உதாரணம். குளிர்காலத்தில் பரிஸில் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் கண்மூடினால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி, கோடையென்றால் பன்னிரண்டரை. ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பரிஸ் மணிக்கூட்டைப் பார்த்தால் திதி மாறிப்போகலாம். பிறகு பிள்ளைகள் வருடா வருடம் பிழையான நாளில் திவசம் செய்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்ற சண்டைக்குள் நான் போவதில்லை. அது ஐயரின் பாடு.

வம்சாவளிதான் கடினம். கோபித்துக்கொண்டு போன மகனை விட்டுவிடச் சொல்வார்கள். நான் விடுவதில்லை. பெற்ற பிள்ளைகள் எல்லாரும் பிறந்த வரிசையிலேயே வருவார்கள், மகளானாலும் மகனானாலும். இன்னொரு குடும்பத்தில், போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லாத மகனின் பெயருக்கு முன்னால் “காலஞ்சென்ற” என்று போடுவதா என்ற கேள்வி வந்தது. மருமகன் போடச் சொன்னார். தாய் தாளை வாங்கி அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டினார். அவன் பெயரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே அச்சடித்தோம். தாய் உயிரோடு இருக்கும்போது அதைத் தீர்மானிக்கும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

கல்வெட்டை வாங்கிப் போகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு. மண்டபத்தில் கொடுத்து முடிந்த மிச்சத்தை நிலவறையில் போட்டுவிடாதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் ஆவணப்படுத்துகிறது. அதற்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வீட்டில் வயதான தகப்பன் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் இருந்து, எந்த ஆண்டு எந்த ஊரில் என்ன வேலை செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.