ஒரே மண்ணு, மூணு பேரு

ஒரு கைப்பிடி தோட்டத்து மண்ணை எடுத்தா அதுல அனேகமா பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும். சும்மா இருந்தா சாது. சோறு வடிச்சு அப்படியே வெளிய வெச்சுட்டு, மறுநாள் ஃப்ரைடு ரைஸ் பண்ணா வில்லன். கொதிக்கிற உலையில கூட இதோட வித்து சாகாது. இது விடுற வாந்தி நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 1971ல இங்கிலாந்துல சைனீஸ் ஹோட்டல் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவங்க வாந்தி எடுத்தப்பதான் இந்த விஷயம் தெரிய வந்துச்சு. (தண்ணி ஊத்தி வைக்கிற பழைய சோறு வேற கதை. அது புளிக்கிறதால இந்த ஆளால அவ்வளவா வளர முடியாது. பயப்படாம சாப்பிடுங்க :-))

இதுக்கு ரெண்டு உடன்பிறப்பு. ஒண்ணு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமா பி.டி. எங்க மொட்டைமாடி கத்தரிச் செடிக்கு நான் தண்ணில கலந்து அடிக்கிற பொடி இதுதான். புழுவோட குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே இதோட புரதப் படிகம் கரைஞ்சு ஆளை முடிச்சுடும். நம்ம வயிறு அமிலம்கிறதால நமக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். மாட்டுக்கு வர்ற அடைப்பான் நோய், 2001ல அமெரிக்காவுல தபால் உறைக்குள்ள வந்து 5 பேரைக் கொன்ன பொடி, எல்லாம் இதுதான்.

சோத்துப்பானை, கத்தரிச்செடி, செத்த மாடு. மூணுக்கும் மூணு பேர். சரியாத்தானே இருக்கு?

2000ல நார்வே ஆய்வாளர்கள் மரபணுக்களை வெச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு, இது மூணும் ஒரே சிற்றினம்னு எழுதிட்டாங்க. சண்டை ஆரம்பம்.

விஷயம் இதுதான். பாக்டீரியாவோட முக்கியமான டி.என்.ஏ. ஒரு பெரிய வளையம், சுமார் 52 லட்சம் எழுத்து. மூணு பேருக்கும் அது கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதைத் தவிர பிளாஸ்மிட்னு சின்னச் சின்ன வளையம் தனியா மிதக்கும். பி.டி.யோட படிகப் புரதம் பெரும்பாலும் அந்தச் சின்ன வளையத்துல எழுதியிருக்கு. ஆந்த்ராக்ஸ் நச்சு ஒரு வளையத்துல, உடம்போட காவல்காரங்க கிட்டேர்ந்து தப்பிக்கிற உறை இன்னொரு வளையத்துல. பி.டி.கிட்டேர்ந்து வளையத்தைப் பிடுங்கிட்டா அது சீரியஸ்தான். பிரிச்சுச் சொல்லவே முடியாது.

வளையம் தொலைஞ்சும் போகும், கைமாறியும் போகும். கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படுற ஸ்டெர்ன் வகை, 1930கள்ல தென்னாப்பிரிக்காவுல கிடைச்சது. உறைக்கான வளையத்தைத் தொலைச்ச ஆந்த்ராசிஸ் அது. பேரு எமன், வேலை காவல்காரன்! அதுக்கு நேர் எதிரா, 2003ல டெக்சாஸ்ல உலோக வேலை பாத்த ரெண்டு பேர் கடுமையான நிமோனியாவுல செத்துப்போனாங்க. அவங்க உடம்புல இருந்தது சீரியஸ். ஆனா கையில ஆந்த்ராக்ஸ் நச்சு மரபணு. "சீரியஸா? மண்ணுலேர்ந்து ஒட்டியிருக்கும், விடு"ன்னு ஒதுக்கிடக்கூடிய பேரு அது. ஆய்வகச் சீட்டுல அந்தப் பேரைப் பாக்கிற டாக்டர் என்ன செய்வார்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப மூணையும் ஒரே பேருல அடைச்சுட வேண்டியதுதானே? அங்கதான் எனக்கு நார்வேக்காரங்களோட முழுசா ஒத்துப்போக முடியலை. மரபணுக் கணக்கு சரி. ஆனா என் கத்தரிக்காய்ப் பொடிக்கும் தபால் உறைப் பொடிக்கும் ஒரே பேருன்னா யாராவது ஒருத்தர் தப்பா படிப்பாங்க. பாக்டீரியாவுக்குப் பேரு வைக்கிற சர்வதேச விதிகள்ல இதுக்குன்னே ஒரு இடம் இருக்கு: உயிருக்கு ஆபத்து வரவழைக்கக்கூடிய பேரை நிராகரிக்கலாம். பிளேக் கிருமி இன்னொரு சிற்றினத்தோட உட்பிரிவுதான்னு மரபணு சொல்லியும், பேரை மாத்தக்கூடாதுன்னு 1985ல தீர்ப்பு சொன்னாங்க. இலக்கணத்துல இவ்வளவு மனிதாபிமானம் இருக்கும்னு நான் எதிர்பார்க்கலை.

2020ல அமெரிக்க ஆய்வாளர்கள் வேற வழி ஒண்ணை முன்வெச்சாங்க. மொத்தக் கூட்டத்தையும் மரபணு நெருக்கத்தை வெச்சு எட்டு சிற்றினமா பிரி. அதுக்கப்புறம் ஆந்த்ராக்ஸ் நச்சு, வாந்தி நச்சு, புழுக்கொல்லிப் படிகம் இதுல எது கையில இருக்கோ அதை பேருக்குப் பின்னாடி பட்டம் மாதிரி போடு. வம்சம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். பேரு கொஞ்சம் நீளம்தான். ஆனா டெக்சாஸ் மாதிரி கேஸ்ல அந்தப் பட்டம் டாக்டர் கண்ணுல பட்டிருக்கும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

எங்க அக்கா வீட்டுக்காரர் கால்நடை மருத்துவரா இருந்து ரிடையர் ஆனவர். அவர்கிட்ட இதையெல்லாம் மூச்சுவிடாம சொன்னேன். "மாப்ளே, திடீர்னு செத்த மாட்டுக்கு மூக்குல ரத்தம் கசிஞ்சா நாங்க வயித்தைக் கிழிக்கவே மாட்டோம்"னார்.

"ஏன் மாமா?"

"காத்து பட்டா வித்தாயிடும். அப்புறம் அந்த மண்ணுல பல வருஷத்துக்குக் கிடக்கும். காதுல ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம். கண்ணாடியில தடவி, மெத்திலீன் நீலச் சாயம் போட்டு, உறை தெரியுதான்னு பாப்போம்."

அந்த உறை இருக்கிறது ரெண்டாவது வளையத்துல. மாமா அத்தனை வருஷமும் பாத்தது பேரை இல்லை, பட்டத்தை.