வாய்க்காலும் சுவரும்

வாய்க்கால் நகரம் என்று சொன்னதும் மனசில் ஓடம் வந்து நிற்கிறது. வெனிஸும் ஆம்ஸ்டர்டாமும் படங்கள் மூலம் நமக்குள் செய்துவைத்திருக்கும் வேலை அது. புதுச்சேரியின் பெரிய வாய்க்காலில் ஓடம் கிடையாது. ஓர் ஆனி மாத வெயிலில் அதன் கரையோடு வடக்கிலிருந்து தெற்காக நடந்தேன். அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், அசைகிறதா என்று நின்று பார்த்தால்தான் தெரியும். டீக்கடைக்காரரைக் கேட்டேன். "மழை பேஞ்சா தண்ணி சார், மத்த நாள்ல சாக்கடை" என்றார். அந்தக் குரலில் புகாரும் இல்லை, வருத்தமும் இல்லை.

1693இல் ஒல்லாந்தர் இவ்வூரைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கட்டம் கட்டமாகத் தெருக்களுக்கு வரைபடம் போட்டார்கள். பத்தாவியாவில் சொந்த ஊர் ஞாபகமாக வாய்க்கால்கள் வெட்டி, பிறகு அந்த நீர் தேங்கிக் காய்ச்சலில் செத்தவர்களும் அவர்கள்தாம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் பழைய கோடுகளின் மீதே மறுபடியும் கட்டினார்கள். வீடுகள் போயின, கோடுகள் தங்கிவிட்டன.

கோடுகளில் தடித்தது வாய்க்கால். கிழக்கே கடல்வரை வெள்ளையர் பட்டணம். மேற்கே கறுப்பர் பட்டணம். கிழக்கே வீடு தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது: உயர்ந்த மதில், உள்ளே தோட்டம். மேற்கே பழைய வீடுகள் தெருவுக்குத் திண்ணை போட்டிருக்கின்றன. வழிப்போக்கனுக்கு உட்கார இடம் மேற்கே. காமிராக்கள் எல்லாம் கிழக்கே. மஞ்சள் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. சுவர் அழகாகத்தான் இருக்கிறது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஆண்டவர்கள் போனபின் அவர்களுடைய நிறம் வியாபாரமாகிறது என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வாய்க்காலை வைத்து நகரத்தைப் புரிந்துகொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பிரித்தவன் கடல் கடந்து வந்தவன்; நாம் பிரிக்கப்பட்டவர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இந்தச் சௌகரியத்தைக் கெடுத்துவிடுகிறது. துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த அவர் 1736இலிருந்து 1761 வரை எழுதினார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை மனம் வெந்து எழுதியிருக்கிறார். அதை நாம் ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1745இல், மாதாகோயிலுக்குள் நடந்ததையும் எழுதியிருக்கிறார். சேரியிலிருந்து ஜெபிக்க வந்த கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்க உள்ளே ஒரு சுவர் இருந்தது. சேரிக்காரர்கள் பாதிரியிடம் முறையிட்டார்கள். சுவரை இடித்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

இந்தச் சுவர் வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. இருபுறமும் தமிழ், இருபுறமும் ஒரே தேவன். சம்பா கோயிலுக்குள் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போதுள்ள கட்டடம் 1791இல் முடிந்தது; பழையது 1761இன் இடிபாட்டோடு போயிற்று. சுவர் எங்கே நின்றிருக்கும் என்பதற்குத் தடயம் இல்லை. வாய்க்காலைப் படம் எடுக்கலாம். இல்லாத சுவரை எப்படி எடுப்பது?

1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்த ஜாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். துறந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட ஜாதிக் கிறிஸ்தவர்கள். அந்நியனின் பெயரைச் சூடிக்கொண்டதற்காக அவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நமக்கு அவமானமாகத் தெரிகிற அந்த வாய்க்கால், அவர்களுக்கு ஒரு கரையாகத் தெரிந்திருக்கலாம். சொந்தப் பெயரே சுவராக இருந்தவனுக்கு வேறு பெயர் ஒரு வாசல்.

சாயங்காலம் மேற்கே நடந்தேன். செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று நேர்கோடாகத் தெருக்கள். அளவெடுத்தாற்போல் சந்திக்கின்றன; அளவெடுத்தாற்போல் பிரிகின்றன. இவற்றுக்கு இடையில் வாய்க்கால் எதுவும் இல்லை. தேவைப்பட்டிருக்கவில்லை.