நான் போட்ட கையெழுத்து

எங்கள் ஊர் ஊரணியைப் பற்றி இங்கே முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன். சின்ன வயதில் நாங்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். இப்போது உள்ளே பாதிக்கு மேல் சீமைக் கருவேலம். இன்று எழுத வந்தது ஊரணியைப் பற்றி மட்டுமல்ல, எங்கள் ஊராட்சித் தலைவரைப் பற்றியும், கொஞ்சம் என்னைப் பற்றியும்.

நான் அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலத்தில், "பணத்தை எண்ணிப் பார்க்காம கைநாட்டு வைக்காதே ஆத்தா" என்று எத்தனை கிழவிகளிடம் சொல்லியிருப்பேன்!

2019 டிசம்பர் தேர்தலில் தலைவருக்கு நின்றவர் என் பள்ளித் தோழனின் மகன். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். படித்த பையன், சுறுசுறுப்பு. பூட்டு சாவிச் சின்னத்துக்கு நானும் தெருத்தெருவாக நடந்தேன். "நம்ம பையன்" என்று நான் சொன்னதற்காகவே ஓட்டுப் போட்டவர்கள் உண்டு.

முதலில் நன்றாகத்தான் செய்தார். தெருவிளக்கு எரிந்தது, தொட்டியை மாதம் தவறாமல் கழுவினார்கள். கொரோனா நேரத்தில் வீடு வீடாக வந்து விசாரித்தார். அதை மறைப்பது நியாயமில்லை.

கொரோனா தணிந்து கிராம சபை மறுபடி ஆரம்பித்தபோது நான் ஒன்றிரண்டு முறை போனேன். முழங்கால் வலி. பிறகு போகவில்லை. கூட்டம் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கிளார்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். எங்கள் ஊராட்சியில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். உட்கார்ந்திருப்பவர்கள் நாற்பதைத் தாண்டாது, அதிலும் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். மிச்சத்தைத் திண்ணை திண்ணையாகப் போய் நிரப்ப வேண்டும். என் மனைவி கிளார்க்குக்கு மோர் கொடுப்பாள். அவர் குடித்து முடிப்பதற்குள் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

2023 கோடையில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். ஊரணியைத் தூர்வாரினால் அடுத்த மழைக்காவது நிற்குமே என்று தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"அது முடிஞ்ச வேலை பெரியப்பா" என்றார்.

"எப்பப்பா முடிஞ்சுது? நேத்துக்கூடப் பார்த்தேனே?"

"சபையிலேயே ஒப்புக்கிட்டாங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு அனுப்பினேன். முப்பது நாளில் வரவேண்டியது, நினைவூட்டல் போட்டபிறகுதான் வந்தது. 2023 ஜனவரி 26 கிராம சபை. ஊரணி தூர்வாரி, கரை பலப்படுத்திய பணி நிறைவடைந்ததைச் சபை ஏற்றுக்கொள்கிறது என்று ஒரு தீர்மானம். அடுத்த பக்கத்தில் கையெழுத்துகள். 71-வது என்னுடையது.

அஞ்சலகப் பழக்கம், கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் எனக்கு வராது. அந்த ஜெராக்ஸில் தெளிவாக இருந்தது: 28.1.23.

ஆகஸ்ட் 15 அன்று முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு கிராம சபைக்குப் போனேன். என் முறை வந்ததும் எழுந்து, "26-ம் தேதி கூட்டத்துல நான் இல்லை. 28-ம் தேதி எங்க வீட்டுத் திண்ணையில படிக்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. ஊரணியில வேலை நடந்ததை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

யாரும் பேசவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா மட்டும், "நாங்க வரப்பு வேலைக்குத்தான் போனோம், ஊரணிக்குப் போகலை" என்றது. தலைவர் முகம் கறுத்துவிட்டது. தூர்வாரியது உண்மைதான், மழையில் கரை சரிந்து மண் மூடிவிட்டது என்றார். ஜனவரிக்குப் பிறகு எங்கள் ஊரில் கரையைச் சரிக்கிற அளவுக்கு மழை பெய்யவில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"நான் கேட்டதை அப்படியே நோட்டுல எழுதணும்" என்றேன். கிளார்க் தலைவரைப் பார்த்தார். "எழுதிக்கோங்க" என்றார் தலைவர். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடவில்லை. அதன்பிறகு கூப்பிட்டதே இல்லை. அவர் அப்பா இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பான் என்று சில ராத்திரி யோசித்திருக்கிறேன்.

கிளார்க் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நான் கேட்டதை நோட்டில் எழுதினாரா என்று தெரிந்துகொள்ள இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்கி வந்தேன்.