பிளாக்பூலில் ஒரு தகிட தகிட

நாட்டியத்தில் எனக்கு உள்ள அனுபவம், டவுன் பஸ்ஸில் டிரைவர் திடீர் பிரேக் போடும்போது ஆடியதோடு சரி. அப்பேர்ப்பட்ட நான், உலகத்து நடனக்காரர்கள் எல்லாம் ஒருமுறையாவது கால் வைக்க ஏங்கும் ஒரு தரையில் ஷூவும் ஸ்வெட்டருமாக ஏறிச் சுற்றிவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். சாட்சிக்கு என் மனைவி இருக்கிறாள். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

போன வருஷம் செப்டம்பரில் மான்செஸ்டரில் பையன் வீட்டுக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் வீடே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். பி.பி.ஸி.யில் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்'. 2004-ல் ஆரம்பித்த நிகழ்ச்சி. அடுத்த வருஷமே 'டான்ஸிங் வித் தி ஸ்டார்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு அமெரிக்கா போனது. 2006-ல் 'ஜலக் திக்லா ஜா' என்று பம்பாயில் வந்து இறங்கியது.

சமாசாரம் இதுதான். ஆடத் தெரியாத பிரபலம் ஒருவர். அவருக்கு ஜோடியாக, ஆடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர். வாரம் ஒரு புது ஆட்டம். நாலு நீதிபதிகள், ஆளுக்குப் பத்து மார்க், ஆக மொத்தம் நாற்பது. அதோடு ஜனங்களின் ஓட்டு. கடைசி இடத்தில் நிற்கும் இரண்டு ஜோடிகள் மறுபடி ஆட, நீதிபதிகள் ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முடிவில் ஜெயிக்கிற ஜோடிக்குப் பளபளவென்று கண்ணாடிப் பந்து வைத்த கோப்பை.

"2006-ல யாரு ஜெயிச்சாங்க தெரியுமாப்பா? நம்ம ராம்பிரகாஷ்! கிரிக்கெட் ராம்பிரகாஷ்!" என்றான் பையன்.

"கூட ஆடின பொண்ணு பேரு என்னடா?" என்று கேட்டாள் என் மனைவி.

பையன் தலையைச் சொறிந்தான். மருமகள் கூரையைப் பார்த்தாள். கடைசியில் செல்போனில் தேடித்தான் பதில் வந்தது. "காரன் ஹார்டியாம்மா."

"அவதானே சொல்லிக் கொடுத்திருப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மனைவி வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகப் புரியாதது அன்றைக்கு மட்டும் புரிந்துவிடுமா என்ன?

'அம்மாவுக்கு இதில் இவ்வளவு ஆர்வமா!' என்று பையன் பிளாக்பூலுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். போட்டி நடக்கும் வருஷங்களில் பெரும்பாலும் நவம்பரில் ஒரு வாரம் மொத்தக் கோஷ்டியும் அங்கே போய் ஆடுமாம். "பிளாக்பூல் வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்" என்பதுதான் போட்டியாளர்களின் பிரார்த்தனையாம்.

* * *

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பிளாக்பூல் நார்த் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் கடல். ஐரிஷ் கடல். நம் மெரீனாவில் காற்று வாங்குவோம் அல்லவா? இங்கே காற்று நம்மை வாங்கிவிடுகிறது. என் குல்லாயைப் பிடிக்க நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கடற்கரையில் சவாரிக்கு நின்றிருந்த கழுதைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

கடலைப் பார்த்தபடி 518 அடி உயரத்தில் பிளாக்பூல் டவர். பாரிஸ் ஈஃபில் டவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு 1894 மே மாதம் திறந்தார்கள். அதன் வாசலில் தரை முழுக்க இங்கிலாந்து நகைச்சுவை நடிகர்களின் ஜோக்குகளைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். 2011-ல் திறந்த 'காமெடி கார்ப்பெட்'. குனிந்து குனிந்து படித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த ஊரை வளர்த்தவர்கள் ராஜாக்கள் அல்ல, மில் தொழிலாளிகள். லங்காஷயரின் பருத்தி மில்கள் ஊருக்கு ஒரு வாரமாக முறை வைத்து மூடுவார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு ரயிலேறி இங்கே வந்துவிடுவார்கள். அவர்கள் நெய்த துணி நம்ம ஊர்த் தறிகள் வயிற்றில் அடித்த கதை வேறு கதை. ஆனால் வருஷமெல்லாம் தறிச் சத்தத்தில் காது மரத்துப் போனவர்களுக்கு ஒரே ஒரு வாரம் அரண்மனையில் ஆட ஆசை. அதற்குக் கட்டியதுதான் டவருக்குள் இருக்கும் 'பால்ரூம்'.

உள்ளே நுழைந்ததும் என் மனைவி கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டாள்.

திருமலை நாயக்கர் மகாலுக்குத் தங்க முலாம் பூசி, கூரையில் ஓவியம் எழுதி, சரவிளக்குத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி! ஃபிராங்க் மேட்சம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1899-ல் திறந்தது. தரையில் மகாகனி, ஓக், வால்நட் என்று மரத்துண்டுகள். எத்தனை தெரியுமா? 30,602. கால் வைத்தால் லேசாக மேலே தூக்கிக் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 1956 டிசம்பரில் தீப்பிடித்துத் தரை நாசமாகிவிட, ஒவ்வொன்றையும் பழையபடியே செய்து 1958-ல் மறுபடி திறந்தார்களாம்.

அந்தக் காலத்துச் சட்டதிட்டங்கள் பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, பக்திப் பாட்டு மட்டும்தான். ஆண்கள் பெண் துணை இல்லாமல் ஆடக்கூடாது. கலாட்டா செய்தால் உடனே வெளியேற்றம்!

* * *

மேடைக்கு அடியிலிருந்து, வெள்ளை வெளேரென்று ஒரு பிரம்மாண்டமான 'உர்லிட்ஸர்' ஆர்கன், வாசிப்பவரையும் சுமந்துகொண்டு மெல்ல மேலே எழுந்தது. சாதாரண ஜனங்கள்தான், எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜோடி ஜோடியாக இறங்கி ஆட ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே திசையில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். கோயிலில் பிரதட்சிணம், இங்கே அப்பிரதட்சிணம்.

எங்கள் மேஜைக்கு எதிரே ஒரு பாட்டி. "உட்காரலாமா, லவ்?" என்று என்னைக் கேட்டதும் நான் நெளிந்துபோனேன். அந்த ஊரில் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்களாம். பையன் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதோ!

பாட்டியின் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறமும் புதன்கிழமை தவறுவதில்லை. துணைக்கு வரும் சிநேகிதிக்கு அன்றைக்கு முழங்கால் வலி. என் மனைவி அதே கேள்வியை அவரிடமும் கேட்டாள்: "டி.வி.யில் ஸ்டாரோடு ஆடுகிறவர்கள் கதி என்ன?"

பாட்டி சொன்னதையும், பையன் தேடிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆன்ட்டன் டூ பெக் என்று ஒருவர். 2004 முதல் சீஸனிலேயே இருந்தவர். கூடவே நியூஸிலாந்துக்காரி எரின் போக் என்ற அவருடைய தொழில் ஜோடி. போட்டியில் யாருக்கு யார் ஜோடி என்பதை நிகழ்ச்சிக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆன்ட்டனுக்கு வாய்த்தவர்களைக் கேளுங்கள். 2010-ல் ஆன் விட்டிகோம், முன்னாள் அமைச்சர், அறுபது வயதைத் தாண்டியவர். நீதிபதிகள் அடிமட்ட மார்க் போட்டும், ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் போட்டுப் பத்தாவது வாரம் வரை காப்பாற்றினார்கள். தரையோடு தரையாக ஆன்ட்டன் அவரை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்து நாடே சிரித்தது. 2014-ல் டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயின் அம்மா. 2020-ல் ஜாக்கி ஸ்மித், முன்னாள் உள்துறை அமைச்சர். முதல் ஆளாக வெளியே!

2004-லிருந்து 2020 வரை பதினெட்டு சீஸன். ஒன்று விடாமல் ஆடிய ஒரே தொழில்முறைக்காரர் அவர்தான். கோப்பை? ஒன்றுகூடக் கிடையாது.

முதல் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தவர் பிரெண்டன் கோல். பதினைந்து சீஸன் ஆடினார். 2018 ஜனவரியில், அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று தெரிந்துவிட்டது. கோப்பை வாங்கினவருக்கு அப்படி. வாங்காத ஆன்ட்டனை 2021-ல் நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்!

"அவர் தோற்கலை, லவ்" என்றார் பாட்டி. "ஆடவே வராதவங்களை, தாங்களும் ஆடறோம்னு நினைக்க வைச்சார். ஆடத் தெரிஞ்சவளைக் கொடுத்தா யார் வேணா ஆடலாம்."

இன்னொருத்தி டயான் பஸ்வெல், ஆஸ்திரேலியப் பெண். 2017-ல் சேர்ந்தபோது முதல் ஜோடியே ஒரு பாதிரியார். சீக்கிரமே வெளியே. 2024-ல் அவளுக்கு வாய்த்தவர் கிறிஸ் மெக்காஸ்லண்ட் என்ற நகைச்சுவைக் கலைஞர். இரண்டு கண்ணும் தெரியாதவர். 'இப்படிச் செய்' என்று ஆடிக் காட்ட முடியாது. சொல்லியும் தொட்டும்தான் புரிய வைக்க வேண்டும். அந்த டிசம்பரில் கோப்பை அவர்களுக்குத்தான். அவளுக்கு அது எட்டாவது சீஸன், முதல் கோப்பை.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மேஜைக்கு அடியில் அவள் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

* * *

திடீரென்று பாட்டி எழுந்து என் கையைப் பிடித்தார். "வாங்க, ஒரு சுற்று!"

"ஐயையோ, எனக்கு..."

"போங்களேன்!" என்றாள் மனைவி. கட்டின மனைவியே தள்ளிவிட்டால் யாரிடம் போய் அழுவது?

"முறைப்படி ஆண்தான் நடத்திக்கிட்டுப் போகணும். நீங்க கவலைப்படாதீங்க. சும்மா நிமிர்ந்து வாங்க" என்று காதோடு சொன்னார் பாட்டி. நான் முன்னால் நடக்க, அவர் பின்பக்கமாகவே அடி வைத்தார். என் முழங்கையில் அவர் விரல் ஒரு அழுத்து அழுத்தினால் நான் திரும்புகிறேன். தோளில் ஒரு தட்டு, நிற்கிறேன். மூன்று தடவை அவர் காலை மிதித்தேன். மூன்று தடவையும் தன் தப்பு மாதிரி அவர் சிரித்தார். பார்க்கிறவர்களுக்கு நான்தான் அவரை அழைத்துப் போவதாகத் தோன்றியிருக்கும். எனக்கே பாதி வழியில் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது! கர்வத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கூடப் பார்த்தேன்.

மேஜைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. என்னை ஆட வைத்ததில் எண்பது வயதுப் பாட்டிக்கு மேல்மூச்சு வாங்குகிறது. கை தட்டல் எனக்கு.

மூச்சு அடங்கியதும் பாட்டி என் மனைவியைப் பார்த்தார். "நீங்க வர்றீங்களா?"

"இது மூணு மூணா வருது. திஸ்ரம்தானே? தகிட, தகிட" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றப் போனாள். 'வேண்டாம், ஷூவோடயே வாங்க' என்று சிரித்துக்கொண்டே கூட்டிப் போனார் பாட்டி.

முதல் இரண்டு சுற்று பாட்டி நடத்தினார். மூன்றாவது சுற்றில் யார் யாரை நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. புடவைக் கொசுவத்தை இடது கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு, முதுகு நேராக, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் என் மனைவியா அது?

எனக்கு மாயவரம் ஞாபகம் வந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா சொன்னார்: "பொண்ணு ஏழு வருஷம் பரதம் கத்துக்கிட்டிருக்கு." எங்கம்மா, "அதெல்லாம் நம்ம வீட்டுக்கு எதுக்குங்க?" என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயில் பஜ்ஜி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சலங்கையை யாரோ சித்தி பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்குக் கணக்கு, எனக்குப் பிரமோஷன் பரீட்சை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று முப்பத்தெட்டு வருஷமும் அவள்தான் பின்பக்கமாக அடி வைத்திருக்கிறாள். நான்தான் நடத்திக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "ஏன் ஒருநாளும் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரஸ்டன் ஸ்டேஷனில் காபி வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

சென்னை வந்து சேர்ந்தோம். போன மாதம் ஒரு சாயந்திரம், ஹாலில் சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, "என்னங்க, இங்க வாங்க. தகிட, தகிட. முதுகை வளைக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். ஒரு வழியாக நான் மிதிப்பதைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

பத்தாவது நிமிஷம் காலிங் பெல். கீழ் வீட்டுக்காரர்.

"சோபா நகர்த்துற சத்தம் கேட்டுது. வீடு காலி பண்றீங்களா ஸார்?"

"இல்லை ஸார்" என்றேன், மூச்சு வாங்க. "இப்பத்தான் குடி வந்திருக்கோம்!"